சங்கு ஊதும் தூரம்

வைகை அணையில் தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அணையின் முழு உயரம் 71 அடி. மூன்றாவது எச்சரிக்கையோடு உபரி நீர் ஆற்றில் இறங்கும், அணைக்கட்டில் அபாயச் சங்கு ஒலிக்கும். மறுநாள் காலை நாளிதழில் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்களின் பெயர் வரும். கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லி வேண்டுகோள் வரும்.

பரமக்குடி அந்த வரிசையின் கடைசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆண்டிபட்டிப் பக்கம் ஊதும் சங்கு, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் எங்களுக்குக் கேட்க வழியில்லை. மதுரையைத் தாண்டி விரகனூர் மதகணை, அப்புறம் பார்த்திபனூர் மதகணை என்று தண்ணீர் இறங்கி வருவதற்குள் சேதி தொலைபேசியில் வந்துவிடும். ஊருக்குள் அதைச் சொல்ல ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு போவார்கள். முன்பு தண்டோரா போட்டார்கள். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, இனி எங்கும் தண்டோரா வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கள் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒரு சாதியாரின் தோளில் பரம்பரையாக ஏற்றிவைத்த வேலை அது. நிறுத்தச் சொன்னது மிகவும் சரி. ஆனால் அந்த இடத்தில் எந்த ஒலி வர வேண்டும் என்ற கேள்வி எனக்குள் அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கற்பனைச் சங்குகள் வரைகிறவன். இல்லாத கம்பெனிக்கு ஒரு பெயர், இல்லாத மாடலுக்கு ஓர் எண், எத்தனை துளை, எந்த வடிவக் குழல், எவ்வளவு உயரக் கம்பம், என்ன சுருதி என்று கட்டம் போட்ட நோட்டில் வரைந்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. உலகத்தில் இதைச் செய்கிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அமெரிக்காவில் சுழற்காற்று அடிக்கும் மாநிலங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு ஊர்ச் சங்கின் மீது தனிப் பிரியம் உண்டு. பழைய சங்குகளைத் தேடிப் போய்ப் பதிவு செய்வார்கள், பழுது பார்ப்பார்கள். அது போதாதபோது எவரும் செய்யாத சங்கைத் தாங்களே வரைந்து, கணினியில் அதன் ஒலியையும் உண்டாக்கிக் கேட்பார்கள். வெறும் விளையாட்டு என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு சங்கைத் தாளில் வரைய உட்கார்ந்தால், அது யாருக்கு, எந்தக் காற்றில், எந்தச் சத்தத்துக்கு நடுவே கேட்க வேண்டும் என்று எழுதியாக வேண்டும். அதை எழுதப் போனால் இந்தக் கருவி இதுவரை நடந்துவந்த பாதை முழுவதையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிறந்தபோது இது எச்சரிக்கைக் கருவியே இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எடின்பரோவில் ஜான் ராபிசன் என்ற இயற்பியல் பேராசிரியர், காற்றுக்குழாய் ஒன்றை வேகமாகத் திறந்து மூடும் திருகு ஒன்றைச் சுழலவிட்டு இசை ஒலி எழுப்பினார். 1819இல் பிரான்சில் சார்ல் கான்யார் த லா தூர் அதைத் தட்டாக மாற்றினார். சாய்வாகத் துளையிட்ட ஒரு தட்டு. அதன் கீழே அதேபோல் துளையிட்ட இன்னொரு தட்டு. கீழிருந்து காற்றை அழுத்தினால் மேல்தட்டு தானாகச் சுழலும். துளைக்கு நேரே துளை வரும்போது காற்று பீறிடும், விலகும்போது அடைபடும். விநாடிக்கு எத்தனை பீறல் என்பதே சுருதி. தண்ணீருக்குள்ளும் அது பாடியதால், கடலில் பாடி மாலுமிகளை மயக்கிய கிரேக்கக் கதைப் பெண்களின் பெயரை அதற்கு வைத்தார். சைரன் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

அந்தத் தட்டு அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு ஆய்வுக்கூடத்து மேசையில்தான் இருந்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இரட்டைச் சைரன் செய்துகொண்டார். சுரங்களுக்கு இடையில் உள்ள உறவு வெறும் எண் விகிதம் என்பதைத் துளைகளை எண்ணியே காட்ட அவருக்கு அது உதவியது. எட்டுத் துளைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு துளை ஒலித்தால் 3:2, நமக்கு ஷட்ஜமும் பஞ்சமமும். ஒன்பதும் பன்னிரண்டும் சேர்ந்தால் 4:3, சுத்த மத்தியமம். பத்தும் பன்னிரண்டும் என்றால் 6:5, சாதாரண காந்தாரம். வரைகிறவர்களுக்கு இந்தப் பக்கம்தான் ஆனந்தம். எந்தச் சங்கின் படத்தைப் பார்த்தாலும் துளைகளை எண்ணி, மோட்டாரின் வேகத்தால் பெருக்கினால், அது பாடும் சுரத்தைத் தாளிலேயே கேட்டுவிடலாம்.

இதில் நம் நாட்டுக்கு ஒரு சங்கதி இருக்கிறது. அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று, நம்முடையது 50. அதனால் அங்கே வரைந்த அதே சங்கை இங்கே கொண்டுவந்து சாதாரண மோட்டாரில் மாட்டினால் சுருதி 6:5 விகிதத்தில் இறங்கிவிடும், காந்தாரத்தில் பாடியது ஷட்ஜத்துக்கு வந்து நிற்கும். பத்துத் துளைச் சங்கு இங்கே விநாடிக்கு 480 அதிர்வுக்குச் சற்றுக் குறைவாகப் பாடும். தாழ்ந்த ஒலி தூரம் போகும், உயர்ந்த ஒலியைக் காற்று சீக்கிரம் விழுங்கும் என்பதால் இந்த இறக்கம் நமக்கு நஷ்டமில்லை.

மேசையை விட்டு இறங்கிய சைரன் முதலில் போய்ச் சேர்ந்த இடம் கடற்கரை. மூடுபனியில் கலங்கரை விளக்கின் ஒளி மங்கிப்போவதால் அமெரிக்கக் கரையில் நீராவியால் ஊதும் சைரன்கள் வந்தன. அதில் ஒன்றை இங்கிலாந்துக்காரர்கள் வரவழைத்து, 1873இல் டோவருக்குப் பக்கத்து சவுத் ஃபோர்லண்ட் பாறையில் வைத்தார்கள். இயற்பியலாளர் ஜான் டிண்டால் படகில் போய்ப்போய்க் கேட்டார். பனி மூடிய நாளில் ஒலி வெகுதூரம் போனது. வெயில் பளிச்சென்று அடித்த நாளில் சில மைல்களிலேயே அறுந்துபோனது. சூட்டில் அடுக்கடுக்காகக் கலங்கி நிற்கும் காற்று, கண்ணுக்குத் தெரியாத மேகமாக நின்று ஒலியைத் திருப்பிவிடுகிறது என்று எழுதினார். அவர் சொன்ன விளக்கம் முழுதும் நிலைக்கவில்லை. காற்றின் சூடும் வேகமும் உயரத்துக்கு உயரம் மாறுவதால் ஒலி மேலே வளைந்துவிடுவதே பெரிய காரணம் என்று பிறகு தெரிந்தது. ஆனால் சங்கை ஊதிவிட்டாலே கேட்கும் என்ற நம்பிக்கையை உடைத்தவர் அவர்.

தொழிற்சாலைக்கு வந்தபோது சங்குக்கு வேலை மாறியது. மதுரையில் ஹார்வி மில் சங்கு, கோவையில் எத்தனையோ மில் சங்குகள். ஷிப்டுக்காக ஊதியது ஊருக்கே கடிகாரமானது. அடுப்பில் உலை வைப்பதும் பிள்ளையை எழுப்புவதும் அதை வைத்துத்தான். தமிழ்நாட்டு நகராட்சிகள் பலவும் காலை, நண்பகல், இரவு என்று சொந்தச் சங்கை ஊதின. கைக்கடிகாரமும் பிறகு கைப்பேசியும் வந்ததில் பல ஊர்ச் சங்குகள் மௌனமாகிவிட்டன. ஆண்டுக்கொரு நாள் மட்டும் எல்லோருக்கும் உண்டு: காந்தி மறைந்த ஜனவரி 30 அன்று, 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் தொடங்கப்போவதை 10.59க்குச் சங்கு சொல்லும், முடிந்ததை 11.02க்குச் சொல்லும். சங்கு இருக்கும் ஊரில் ஊத வேண்டும் என்பது மத்திய உள்துறையின் நிலையான உத்தரவு.

போர்தான் இதை முழுக்க அச்சத்தின் குரலாக்கியது. 1939 செப்டம்பர் 3 அன்று இங்கிலாந்து போரில் இறங்கிய அறிவிப்பு வானொலியில் முடிந்த சில நிமிடங்களில் லண்டனில் சைரன் ஊதியது. அன்று எதிரி விமானம் வரவில்லை. ஏறி இறங்கும் ஒலி என்றால் ஆபத்து, ஒரே சீரான ஒலி என்றால் ஆபத்து நீங்கியது என்ற இலக்கணம் அக்காலத்தில் வேரூன்றியது. இன்றும் நம் நாட்டில் அதுவே.

இந்த மாவட்டத்துக்காரர்கள் அந்தப் போரைச் சந்தித்தது ரங்கூனில். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து பர்மாவுக்குப் பிழைக்கப் போயிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1941 டிசம்பர் 23 காலை ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது வந்தபோது, ஜனங்கள் பதுங்குகுழியில் இறங்காமல் தெருவில் நின்று வானத்துச் சண்டையை அண்ணாந்து பார்த்தார்கள். மாண்டவர்கள் ஏராளம். தப்பியவர்கள் கால்நடையாகக் கிளம்பினார்கள். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பு, 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருகோணமலை என்று குண்டு விழுந்துகொண்டே வந்தது. அந்த வாரத்தில் சென்னையே காலியானது. ரங்கூன் தெருவில் நின்றவர்களை அறியாமை என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. ஒரு நகரத்துக்கு அதற்கு முன் ஒருமுறையும் நிஜமாகிப் பார்க்காத எச்சரிக்கை அது.

போருக்குப் பிறகு அமெரிக்கா அணுகுண்டுக்குப் பயந்து சங்கின் உடம்பைப் பெருக்கியது. 1952இல் வந்த கிரைஸ்லர் சைரன் எங்களைப் போல வரைகிறவர்களுக்கெல்லாம் குலதெய்வம். கார் கம்பெனியும் பெல் ஆய்வுக்கூடமும் சேர்ந்து செய்தது. 180 குதிரைத்திறன் கொண்ட எட்டு சிலிண்டர் என்ஜின், நூறு அடி தூரத்தில் 138 டெசிபல். அதன் மூத்த அண்ணனான போர்க்கால விக்டரி சைரனில், சுழலும் குழலோடு ஆளும் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஃபெடரல் கம்பெனியின் தண்டர்போல்ட் வேறு வழியில் போனது: கீழே ஊதுகருவி ஒன்று காற்றைத் திணிக்கும், மேலே ஒற்றைக் குழல் ஊரைச் சுற்றிச் சுற்றித் திரும்பும். அதனால் நிலையான இடத்தில் நிற்கிறவர் காதுக்கு ஒலி பெருகி வந்து தேய்ந்து போகும். அந்தப் பெருகலும் தேய்தலும் மனதில் இருந்து போகாது.

இத்தனை பெரிய உடம்புக்கு எவ்வளவு தூரம் கேட்கும்? சங்கு நடுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு கறாரானது. வீடும் மரமும் உள்ள ஊரில், தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் 10 டெசிபல் போய்விடும். 30 மீட்டரில் 120 டெசிபல் என்றால் 60 மீட்டரில் 110, 120 மீட்டரில் 100. இப்படியே போனால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று முன்னால் 70க்கு வந்து நிற்கும். போக்குவரத்துள்ள தெருவில் அதற்குமேல் கேட்காது. வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் தூங்குபவருக்குப் பாதித் தூரத்திலேயே கேட்காது. ஆகவே ஒரு ராட்சதச் சங்கை விடச் சின்னச் சங்குகள் பல இருப்பது மேல். என் நோட்டில் பெரிய சங்குகள் மெல்ல மறைந்துபோனது இந்தக் கணக்கால்தான்.

ஆனால் தூரத்தைவிடக் கடினமான கேள்வி வேறொன்று. கேட்ட பிறகு என்ன ஆகிறது?

ஹவாய்த் தீவின் ஹிலோ ஊரில் 1960 மே 22 இரவு எட்டரை மணிவாக்கில் சங்கு ஊதியது. சிலியில் நடந்த பூகம்பத்தின் ஆழிப்பேரலை நள்ளிரவு தாண்டி வந்தது. இடையில் நாலு மணி நேரத்துக்கும் மேல் அவகாசம். ஆனாலும் 61 பேர் இறந்தார்கள். பிறகு விசாரித்தபோது பெரும்பாலானவர்கள் சங்கைக் கேட்டிருந்தார்கள். ஆனால் அது கிளம்பச் சொல்கிறதா, அடுத்த சங்குக்குக் காத்திருக்கச் சொல்கிறதா என்பதில் ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருந்தார்கள். பல சங்கு ஊதும் பழைய முறையை மாற்றி ஒரே சங்கு என்று ஆக்கியிருந்தது ஊருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

அதே ஹவாய் மாநிலத்தில் 2023 ஆகஸ்டில் லஹைனா நகரம் எரிந்தது. நானூறு சங்குகளோடு, உலகத்திலேயே பெரிய சங்கு அமைப்பு என்று சொல்லப்படும் மாநிலம் அது. மாதத்தின் முதல் வேலைநாளில் தவறாமல் சோதித்துப் பார்ப்பவர்கள். அன்று ஒரு சங்கும் ஊதவில்லை. ஊதினால் ஆழிப்பேரலை என்று நினைத்து மக்கள் மலைப்பக்கம், அதாவது தீ இருந்த பக்கமே ஓடியிருப்பார்கள் என்று பேரிடர் அதிகாரி விளக்கம் சொன்னார். மறுநாள் பதவி விலகினார். அவர் செய்தது சரியா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கடலுக்கென்று பழக்கிய குரலைத் தீக்கு எடுக்க அவர்கள் தயங்கினார்கள் என்பது ஒரு வரைவாளனுக்குப் பெரிய பாடம்.

போபாலை நினைக்காமல் இந்தியாவில் யாரும் சங்கு வரையக் கூடாது. யூனியன் கார்பைடு ஆலையில் உள்ளே ஊழியர்களுக்கான எச்சரிக்கை ஒலி வேறு, வெளியே ஊருக்கான சங்கு வேறு என்று பிரித்து வைத்திருந்தார்கள். 1984 டிசம்பர் 2 நள்ளிரவுக்குப் பிறகு ஊருக்கான சங்கு கொஞ்ச நேரம் ஊதி நிறுத்தப்பட்டது. அது மறுபடி முழுதாக ஒலித்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அந்த நேரத்துக்குள் ஆலையிலிருந்து கசிந்த விஷவாயு குடிசைகளுக்குள் போய்விட்டது. அதற்கு முன் பயிற்சிக்கும் வேறு வேலைக்கும் அடிக்கடி சங்கு கேட்டுப் பழகியவர்கள் அதை வழக்கமான சத்தம் என்றே எண்ணினார்கள். தீ விபத்தென்று நினைத்து உதவ ஆலையை நோக்கி ஓடியவர்களும் உண்டு.

இந்த ஊர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். ஊதாத சங்கு அந்நியம். ஊதிக்கொண்டே இருக்கும் சங்கு காதில் விழாது. நான் இதற்கு வைத்திருக்கும் விடை ஜப்பானிலிருந்து கிடைத்தது. அங்கே பெரும்பாலான ஊராட்சிகளும் நகராட்சிகளும் பேரிடர் ஒலிபெருக்கிகளைத் தெருவில் நட்டிருக்கின்றன. பல ஊர்களில் தினமும் மாலை ஐந்து மணிவாக்கில் அவற்றில் ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டு ஒலிக்கும். விளையாடும் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம் அது. கருவி உயிரோடு இருக்கிறதா என்ற சோதனையும் அதுவே. ஒரு கம்பம் ஊமையானால் அந்தத் தெருத் தாய்மாருக்கு அன்று மாலையே தெரிந்துவிடும். ஆபத்தில் அதே கம்பம் முற்றிலும் வேறு ஒலியையும் மனிதக் குரலையும் எடுக்கும். 2011 மார்ச் 11 அன்று மினாமி சான்ரிக்கு நகரில் இளம் பெண் ஊழியர் ஒருவர் அந்த ஒலிபெருக்கியில் மேட்டுக்கு ஓடச் சொல்லிக்கொண்டே இருந்து கடலோடு போனார். அவர் குரலால் பிழைத்தவர்கள் பலர்.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கும் முன் இதே உண்மை நம் கரையில் நிரூபணமாகிவிட்டது. புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவ கிராமத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் இருந்தது. அலை உயரம், காற்று, மீன் விலை எல்லாம் அங்கிருந்து தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் தகவல் மையத்துக்கு ஓடி அதே ஒலிபெருக்கியில் கத்தினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த கிராமம். வீடும் படகும் போயின, உயிர்கள் தப்பின. ஒரு டெசிபல் கணக்கும் அங்கே இல்லை. நேற்றும் முந்தாநாளும் மீன் விலை சொன்ன குரல், இன்று ஓடு என்றது, ஊர் ஓடியது.

அரசுகள் அதற்குப் பின் செய்தது சிறிதில்லை. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் வளாகத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் வேலை தொடங்கியது. 1999 பெரும்புயலில் பத்தாயிரம் பேரளவுக்கு இழந்த ஒடிசா, 2018இல் 480 கிலோமீட்டர் கரை நெடுக 122 சங்குக் கோபுரங்களை நட்டது. புவனேஸ்வரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் ஒலிக்கும். கேரளம் 2025 ஜனவரியில் ‘கவசம்’ என்ற பெயரில் தன் சங்குகளைத் தொடங்கிவைத்தது. அதே ஆண்டு மே 7இல் நாடெங்கும் போர்க்காலப் பயிற்சி நடந்தபோது தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் ஒத்திகை நடந்தது. சில நாளில், தொலைக்காட்சிகள் செய்தியை விறுவிறுப்பாக்க சைரன் ஒலியைப் போட வேண்டாம் என்று மத்திய அரசு அறிவுறுத்தியது. ஒரு குரலை வீணாக்கினால் அது தேவைப்படும் நாளில் இருக்காது என்பதை அரசே உணர்ந்து எழுதிய வரி என்று அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி என் நோட்டுக்கு வருகிறேன். இரண்டு சங்குகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று பரமக்குடிக்கும் எமனேஸ்வரத்துக்கும் பொதுவானது. வைகை வெள்ளத்துக்காக. ஆற்றின் இக்கரையில் ஒன்றும் அக்கரையில் ஒன்றுமாக, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளின் தலையில் நிற்கும். இங்கே பெரிய எதிரி தறிச்சத்தம். கைத்தறியில் நாடா பெட்டிக்குப் பெட்டி அடிக்கும் அடி, கூர்மையான விட்டுவிட்டு வரும் ஒலி. குழித்தறியில் கால் மிதித்துக்கொண்டிருக்கும் நெசவாளருக்குக் கீச்சுக் குரல் அதோடு கலந்துவிடும். தாழ்ந்து நீண்டு வரும் ஒலி இரண்டு அடிகளுக்கு இடையில் புகுந்துவிடும். அதனால் பத்துத் துளையும் எட்டுத் துளையும் சேர்ந்த இரட்டைக் குரல் வைத்தேன், 5:4, ஷட்ஜமும் அந்தர காந்தாரமும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஷட்ஜம் மட்டும், பத்து விநாடி. மூன்றாவது எச்சரிக்கை மதுரைப் பக்கம் வந்தால் காந்தாரம் சேரும். பார்த்திபனூர் மதகணையைத் தண்ணீர் தாண்டினால் இரண்டும் ஏறி இறங்கும். ஆற்றுக்குள் மேயும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கும் மணலில் விளையாடும் பிள்ளைக்கும் வேண்டிய நேரம் இருக்கிறது. வெள்ளம் எங்களுக்கு அவகாசம் கொடுத்தே வருகிறது, அதைப் பயன்படுத்துவதில்தான் கோட்டை விடுகிறோம்.

மற்றது பாம்பனுக்கு. வரைந்ததில் எனக்கு அதிகம் வேலை வைத்தது இதுதான். தீவின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வரும், வாடை மாதங்களில் வடகிழக்கிலிருந்து. காற்றுக்கு எதிரே போகும் ஒலி மேலே வளைந்து தலைக்குமேல் போய்விடும் என்பதால், ஊர் நடுவில் ஒரே சங்கு வைத்தால் எந்தப் பருவத்திலும் ஏதாவது ஒரு கரை ஊமையாகிவிடும். புயல் வருவது வாடை மாதங்களில். ஆகவே வடகடல் கரையோரம் ஒரு வரிசை கட்டாயம். அதன் ஒலியைக் காற்றே ஊருக்குள் தூக்கி வரும். தென்கடல் கரைக்குத் தனியாக இன்னொரு வரிசை. கடலுக்குள் இருப்பவர்களுக்கு இந்தச் சங்குகள் பயன்படா. 2017இல் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரிக்காரர்கள் கரைச் சத்தம் எட்டாத ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே செயற்கைக்கோள் வழி வரும் சேதி ஒன்றே வழி.

தனுஷ்கோடியை வைத்துச் சங்கின் பெருமை பேச நான் துணிய மாட்டேன். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்து, பாம்பனிலிருந்து போன ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. அந்த மணல்திட்டில் ஓடி ஏற ஒரு மேடு கிடையாது. சங்கு எவ்வளவு நன்றாக ஊதினாலும் ஓடுவதற்கு இடம் வேண்டும். ஒடிசாவில் கோபுரங்களோடு புயல் காப்பகங்களும் இருப்பதால்தான் அங்கே சங்குக்கு மதிப்பு. என் பாம்பன் வரைபடத்தில் ஒவ்வொரு சங்கிலிருந்தும் அருகிலுள்ள காப்பகத்துக்கு அம்புக்குறி போட்டிருக்கிறேன். அம்புக்குறி போட இடமில்லாத சங்கை அழித்துவிடுகிறேன்.

பாம்பனுக்கென்று ஒரு பழைய எச்சரிக்கை மொழி ஏற்கெனவே உண்டு. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு. பகலில் உருளையும் கூம்பும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். 1864இல் கல்கத்தாவைப் புயல் அழித்த பிறகு இந்தியத் துறைமுகங்களில் வளர்ந்த முறை இது. ‘பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு’ என்று வானொலி சொன்னால் எந்தப் படகுக்காரருக்கும் விளக்கம் வேண்டாம். எண்கள் ஒன்றிலிருந்து பதினொன்று வரை. பத்தாம் எண் வரை புயலைப் பற்றியவை. பதினொன்றாம் எண் மட்டும் வேறு: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று அர்த்தம்.

இந்தப் பதினொன்றைத்தான் நான் என் சங்குக்குள் கொண்டுவந்திருக்கிறேன். இன்றைய சங்குக் கோபுரங்கள் எங்கோ ஒரு தலைநகரத்துப் பொத்தானுக்காகக் காத்திருக்கின்றன. புயலில் முதலில் போவது மின்சாரமும் தொலைத்தொடர்பும். பொத்தானை அழுத்தியும் ஒலிக்கவில்லை என்றால் ஊருக்கு அது தெரியாது. சத்தம் இல்லை, ஆகவே ஆபத்து இல்லை என்றே நினைக்கும். என் வரைவில் மையத்திலிருந்து மணிக்கொரு சின்னச் சைகை வந்துகொண்டே இருக்க வேண்டும். அது இரண்டு முறை வராவிட்டால், சங்கு தானாக மின்கலத்துக்கு மாறி, ஷட்ஜத்தில் மூன்று குட்டை ஒலி விடும். புயல் வருகிறது என்று அது சொல்லவில்லை. மேலிருந்து இனி சேதி வராது, முடிவு உங்கள் கையில் என்று சொல்கிறது. அப்போது கோபுரத்தின் அடியிலிருக்கும் பெட்டியைத் திறக்க வேண்டும். சாவி மூன்று: ஒன்று துறைமுக அலுவலகத்தில், ஒன்று மீனவர் சங்கத் தலைவரிடம், ஒன்று கரையோரத்தில் மீன் பிரிக்கும் பெண்களின் குழுவிடம். பகலில் ஆண்கள் கடலில் இருக்கும்போது கரையில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

பெட்டிக்குள் மின்சாரம் வேண்டாத கைச்சுழற்சிச் சங்கு ஒன்று. பல்சக்கரத்தின் பிடியை இரண்டு கையாலும் சுற்றினால் கான்யார் த லா தூர் கண்ட அதே துளைகளும் அதே காற்றும் வேலை செய்யும். அது அரைக் கிலோமீட்டர் கேட்டாலே அதிகம். எனவே அரைக் கிலோமீட்டருக்கு ஒரு பெட்டி என்று பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் கரை வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு போகிறேன். பிடியின் உயரத்தில் இன்னும் திருப்தி இல்லை. பத்து வயதுப் பிள்ளையும் எட்டிப் பிடித்துச் சுற்றும்படி அதைத் தாழ்த்த வேண்டும்.